குழந்தையின் பார்வையும் நமது சொல்லும்

மும்மணிகளுள் முதலாவதாக நம் ஆசாரியர்கள் வைத்தது நற்காட்சி. அதன் பின்னரே நன்ஞானமும் நல்லொழுக்கமும் கூறப்பெற்றன. ஈண்டுக் காட்சி என்பது கண்ணால் காண்டலன்று. மெய்ப்பொருள்களின்பால் கொள்ளும் அசையாத நம்பிக்கையே என்பதை அன்பர்கள் அறிவர். எனினும் அந்நம்பிக்கைக்குத் தமிழ்ச் சான்றோர் 'காட்சி' என்னும் சொல்லையே தேர்ந்து வழங்கினர் என்பது சிந்திக்கத்தக்கது. கண் பழகிய வழியே மனமும் பழகுகிறது. அவசரமாகக் காண்பவன் அவசரமாகவே நம்புவான். பொறுத்திருந்து காண்பவனே ஆராய்ந்து தெளிவான்.

கண்ணுக்கு இப்பழக்கம் அமைவது மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள பருவத்தில். அப்பருவத்துக் குழந்தைகளுடன் ஆடத்தக்க விளையாட்டுகள் பல உள. பார்த்து எண்ணுதல், பார்த்து அடுக்குதல், மறைந்திருப்பதைக் கண்டுபிடித்தல், ஒரு படத்தைப் பார்த்து அதில் நிகழ்வது யாதெனக் கூறுதல் ஆகியன அவை. இவற்றை ஆடுகையில் பெரியோர்க்கு ஓர் அறச்சிக்கல் எழுகிறது. குழந்தை பிழையாக ஒன்றைக் கூறினால், 'தவறு' என்று சொல்லி அதன் உள்ளத்தை வருத்துவதா? 'சரி' என்று சொல்லிப் பொய்ம்மைக்கு உடன்படுவதா? முன்னது கொல்லாமைக்கு இழுக்கு. பின்னது பொய்யாமைக்கு இழுக்கு. இல்லறத்தார்க்கு உரைக்கப்பெற்ற அணுவிரதங்களுள் முதலிரண்டும் ஒன்றோடொன்று முரணுவதுபோல் தோன்றும் இவ்விடத்தைப் பற்றியே இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

விளையாட்டுகள் யாவை?

விளையாட்டின்வழிக் கற்பித்தல் புதியதொன்றன்று. ஜெர்மனி நாட்டில் பிரடெரிக் புரோபெல் என்பார் 1837-ஆம் ஆண்டில் சிறு குழந்தைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்னும் பொருள்படும் 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயரைச் சூட்டினார். மரப்பந்து, கனசதுரம் முதலியவற்றை அவர் குழந்தைகளுக்குக் 'கொடைகள்' எனக் கொடுத்தார். அவற்றுள் ஒன்று எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு பெரிய கனசதுரம். பிரித்தால் பல, சேர்த்தால் ஒன்று. பொருள் ஒன்றே, அதன் பரியாயங்கள் பல என்னும் நம் தத்துவத்தை அறிந்தவர்க்கு அம்மரத்துண்டுகள் அந்நியமாகத் தோன்றா.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கியிருந்து 1946-இல் திரும்பினார். அவர் வழிப் பயின்றவர்களின் செல்வாக்குத் தமிழகத்துப் பயிற்சிப் பள்ளிகள் சிலவற்றில் நெடுங்காலம் நிலவியது. நாம் பயிற்சி பெற்ற நாளில் அவரது உருளைக் கட்டைகளைக் கையிலெடுத்துப் பார்த்த வியப்பு இன்றும் மறையவில்லை.

கடையில் வாங்கும் கருவிகள் இல்லாமலும் இவ்விளையாட்டுகளை ஆடலாம். ஒரு தட்டில் ஐந்து பொத்தான்களை ஓர் ஒழுங்கில் வைத்துச் சிறிது நேரம் காட்டித் துணியால் மூடிவிட்டு, அதே ஒழுங்கில் வேறு பொத்தான்களை அடுக்கச் சொல்லலாம். சதுர அட்டையை ஏழு துண்டுகளாக வெட்டி, அவற்றால் வீடு, படகு, பறவை எனப் பல உருவம் அமைக்கச் செய்யலாம். சீனர் கண்ட இப்புதிரில் ஐந்து முக்கோணமும் ஒரு சதுரமும் ஓர் இணைகரமும் உள. வாசலில் இடும் புள்ளிக்கோலத்தில் ஒரு பாதியை நாமிட்டு, மறுபாதியைக் குழந்தையை இடச்செய்யலாம். சோழியும் சிப்பியும் உயிரினங்களின் கூடுகள். அவற்றை விடுத்துக் கூழாங்கல், அட்டை, மரத்துண்டு ஆகியவற்றைக் கொள்ளுதல் நம் இல்லங்களுக்கு ஏற்றது.

கொக்கோ, கொடியோ?

இவ்விளையாட்டுகளில் குழந்தையின் உள்ளே நிகழ்வது யாது? இதற்கு விடை நம் நூல்களிலேயே உள்ளது. உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம் மதிஞானத்தை நான்கு படிகளாகப் பகுக்கிறது. அவக்கிரகம் என்பது பொருளைப் பொதுவாகப் பற்றுதல். ஈஹை என்பது அதன் சிறப்பியல்பை அறிய விழைந்து ஆராய்தல். அவாயம் என்பது துணிதல். தாரணை என்பது மறவாது உள்ளத்தில் இருத்துதல்.

பூஜ்யபாதர் தமது சர்வார்த்தசித்தி உரையில் இதற்கு எளியதோர் உவமை தருகிறார். தொலைவில் வெண்மையாக ஏதோ தெரிகிறது, இது அவக்கிரகம். அது கொக்கோ கொடியோ என மனம் ஆராய்கிறது, இது ஈஹை. மேலெழுந்தும் கீழிறங்கியும் சிறகசைப்பது கண்டு கொக்கே எனத் துணிகிறது, இது அவாயம். காலையில் கண்ட கொக்கே இது எனப் பின்னர் நினைவு கூர்வது தாரணை.

பெரியோராகிய நாம் பெரும்பாலும் முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்குத் தாவிவிடுகிறோம். வெண்மை கண்டவுடனே கொக்கு என்கிறோம். பழக்கத்தால் வந்த விரைவு அது. குழந்தையோ இரண்டாம் படியில் நெடுநேரம் நிற்கிறது. தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. துண்டைத் திருப்பி வைக்கிறது. எடுத்துவிட்டு மீண்டும் வைக்கிறது. அருகிலிருக்கும் நமக்கு அது தாமதமாகத் தோன்றுகிறது. உண்மையில் அறிவு பிறக்கும் இடம் அதுவே. வெளியிலிருந்து காண்பவர்க்கு ஒன்றும் நிகழாததுபோலத் தெரியும் அக்கணங்களில்தான் குழந்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

ஆதலின் முதலில் சொல்லவேண்டுவது ஒன்றுண்டு. விடையை முந்திக்கொண்டு நாமே கூறிவிடுதல் உதவியன்று. கொடாததைக் கொள்ளுதல் களவு என்பது நம் அறநூல்களின் இலக்கணம். கண்டுபிடிக்கும் இன்பம் குழந்தைக்கு உரிய பொருள். அதை அது நமக்குக் கொடுக்கவில்லை. 'இதோ பார், இங்கே இருக்கிறது' என்று விரலை நீட்டும்போது, அக்குழந்தை ஈட்டவிருந்த ஒன்றை நாம் எடுத்துக்கொள்கிறோம். விரதங்களைப் பற்றிப் பேசுகையில் கள்ளாமையைப் பணப்பெட்டியோடு மட்டும் நிறுத்திவிடுதல் போதாது.

இரண்டு வகைப் பிழைகள்

இனி, முதலிற் கூறிய சிக்கலுக்கு வருவோம். குழந்தை பிழையாகக் கூறும்போது செய்யத்தக்கது யாது?

அநேகாந்தம் பயின்ற நம்மவர் சிலர் இதற்கு எளியதொரு விடை கூறுவதுண்டு. "ஒவ்வொருவர் பார்வையும் ஒருவகையில் உண்மையே, ஆதலின் குழந்தை கூறுவதும் உண்மையே, திருத்தவேண்டா" என்பர். இது அநேகாந்தம் அன்று. தட்டில் ஆறு கூழாங்கற்கள் இருக்கையில் குழந்தை ஏழு என்றால், அது ஏழாகிவிடாது. ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உண்டு என்பதுதான் நம் கொள்கை; எதைச் சொன்னாலும் பொருந்தும் என்பதன்று. இவ்விரண்டையும் மயக்குவோர் நம் தரிசனத்துக்கு நன்மை செய்தவராகார்.

வேறு சிலர், துன்பம் தரும் உண்மையைக் கூறாதிருத்தலும் வாய்மையே எனக் கூறிச் சமந்தபத்திரரைத் துணைக்கழைப்பர். இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பிறர்க்கு ஆபத்து விளைக்கும் உண்மையையும் கூறலாகாது என அவ்வாசாரியர் அருளியது மெய்யே. ஆனால் அங்குக் கூறப்பெற்றது ஆபத்து. கற்கள் ஆறேயன்றி ஏழல்ல என்று அறிவதால் எக்குழந்தைக்கும் ஆபத்து நேர்ந்துவிடாது. பெரியதொரு விதிவிலக்கைச் சிறியதோர் இடத்தில் பயன்படுத்தினால் விதியே தேய்ந்துபோகும்.

ஆகவே, பிழைகளை இருவகையாகப் பகுத்துக் காண்பது நலம். ஒன்று பொருளைப் பற்றிய பிழை. மற்றொன்று நிற்கும் இடத்தைப் பற்றிய பிழை.

பொருளைப் பற்றிய பிழையைத் திருத்த நம் நாவை விடப் பொருளே சிறந்த ஆசிரியர். மாண்டிசோரி அம்மையாரின் உருளைக் கட்டைகள் இதற்குச் சான்று. ஒரு மரச்சட்டத்தில் பத்துக் குழிகள், பத்து உருளைகள். ஒன்றைத் தவறான குழியில் இட்டால் இறுதியில் ஓர் உருளை பொருந்தாது நின்றுவிடும். யாரும் 'தவறு' என்று சொல்லவில்லை. யாரும் 'சரி' என்று பொய்யும் சொல்லவில்லை. எஞ்சி நிற்கும் உருளை உண்மையைச் சொல்லிவிட்டது. அதனிடம் சினமில்லை, ஏளனமில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடும் வழக்கமும் இல்லை. கூழாங்கற்களிலும் அவ்வாறே. 'ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் வை, சேர்ந்து எண்ணுவோம்' என்றால், ஆறாவது கல்லுக்குப் பின் தட்டு வெறுமையாகிவிடும். வாய்மை நிறைவேறியது, எவ்வுள்ளமும் காயமுறவில்லை. சொல்லும் முறையை ஆராயாதவர்க்கே கொல்லாமையும் பொய்யாமையும் பகையெனத் தோன்றும்.

கெண்டியைச் சுற்றி நால்வர்

இரண்டாவது வகைப் பிழை நுட்பமானது. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜான் பியாஜே, பார்பெல் இன்ஹெல்டர் அம்மையாருடன் இணைந்து 1948-இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையை விவரித்தார். மேசைமீது மூன்று மலைகளின் உருவங்கள். குழந்தை ஒரு பக்கம். ஒரு பொம்மை மறுபக்கம். பொம்மைக்கு மலைகள் எவ்வாறு தெரியும் என வினவினால், சிறு குழந்தைகள் தமக்குத் தெரியும் காட்சியையே காட்டினர். தாம் காண்பதையே பிறரும் காண்பதாகக் குழந்தை எண்ணுகிறது என்று அவர் முடிவு செய்தார்.

பின்னர், 1970-களில் எடின்பரோவில் மார்ட்டின் ஹியூஸ் என்பவர் அச்சோதனையை மாற்றியமைத்தார். மலைகளுக்குப் பதில் குறுக்கும் நெடுக்குமாக இரு சிறு சுவர்கள். பொம்மைக் காவலர் இருவர். காவலர் கண்ணிற் படாமல் ஒரு சிறுவன் பொம்மையை ஒளித்து வைக்கவேண்டும். மூன்றரை முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் விடைகளில் பத்தில் ஒன்பது பங்கு சரியாக இருந்தன. ஒளிந்து விளையாடுதல் குழந்தைக்குப் பொருள் உள்ள செயல். பொருள் விளங்கிய இடத்தில் பிறர் கண்ணால் காணும் ஆற்றல் அதற்கு உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று. மார்கரெட் டொனால்ட்சன் அம்மையார் 1978-இல் எழுதிய நூலின் வாயிலாக இச்சோதனை ஆசிரியருலகில் பரவியது.

இதிலிருந்து நாம் பெறத்தக்க விளையாட்டு எளியது. மூக்குள்ள கெண்டி ஒன்றைக் கூடத்தின் நடுவே வையுங்கள். நான்கு குழந்தைகளை நான்கு புறமும் அமர்த்தி, தாம் காண்பதை வரையச் சொல்லுங்கள். ஒருவர் படத்தில் மூக்கு வலப்புறம் இருக்கும். எதிரில் இருப்பவர் படத்தில் இடப்புறம் இருக்கும். மூக்கிற்கு நேரே இருப்பவர் அதை ஒரு வட்டமாக வரைவார். பின்புறம் இருப்பவர் படத்தில் மூக்கே இராது. உடனே பூசல் எழும். 'நீ தவறாக வரைந்தாய்' என ஒவ்வொருவரும் மற்றவரைக் கூறுவர். அப்போது தீர்ப்புக் கூறவேண்டா. இடம் மாறி அமரச் சொன்னால் போதும்.

நயம் என்பது ஓர் இடத்திலிருந்து காணும் பார்வை. தன் பார்வையைக் கூறி ஏனைய பார்வைகளை மறுக்காதிருக்கும்வரை அது நயம். தன்னதே முழுமை என்று சாதிக்கும்போது அது துர்நயமாகிறது. 'கெண்டிக்கு மூக்கில்லை' என்பது பிழை. 'இங்கிருந்து பார்த்தால் மூக்குத் தெரியவில்லை' என்பது பிழையற்ற உண்மை. இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் இடையேயுள்ள வேற்றுமைதான் 'ஸ்யாத்' என்னும் சிறுசொல். 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்னும் ஐயமாக அதைப் பிறர் பிறழ உணர்ந்ததுண்டு. அது ஐயமன்று, நின்ற இடத்தை நேர்மையாக அறிவித்தலே ஆகும். நூலைப் படித்து அதை உணர்த்துதல் பெரியோர்க்கே அரிது. கெண்டியைச் சுற்றி எழுந்து நடந்த ஐந்து வயதுக் குழந்தைக்கோ அது கால்வழியாகவே விளங்கிவிடுகிறது.

கோடரி ஏந்தியவன்

படம் பார்த்துப் பேசும் விளையாட்டில்தான் பெரியோரின் பொறுமை மிகவும் சோதிக்கப்படுகிறது. அமெரிக்காவில் அபிகேல் ஹவுசன் என்னும் உளவியல் ஆய்வாளரும் பிலிப் யெனவைன் என்னும் அருங்காட்சியகக் கல்வியாளரும் இதற்கென ஒரு முறையை வகுத்து 1990-களில் பள்ளிகளில் பரப்பினர். ஆசிரியர் கேட்பன மூன்றே வினாக்கள். இப்படத்தில் நிகழ்வது யாது? எதைக் கண்டு அவ்வாறு கூறுகிறாய்? இன்னும் என்ன காண்கிறாய்?

இதற்கான படங்களுக்கு நாம் வேற்றிடம் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் உள்ள தாமரைக் குளம் ஒன்றே போதும். மீனும் அன்னமும் எருமையும் யானையும், மலர் கொய்யும் மூவரும் அக்குளத்தில் உள்ளனர். அதன் அச்சுப்படத்தைக் குழந்தையின் முன் வைத்து 'இன்னும் என்ன காண்கிறாய்' என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். நாம் பன்முறை பார்த்தும் காணாததை அது காட்டும்.

இலேசியைகளை விளக்கும் மரத்தின் படமும் நம் இல்லங்களில் அறிமுகமானதே. பசித்த அறுவர் கனிமரம் ஒன்றைக் காண்கின்றனர். கரிய இலேசியை உடையவன் மரத்தை வேரோடு வீழ்த்த எண்ணுகிறான். இடையிலுள்ளோரின் கேடு படிப்படியாகக் குறைகிறது. வெண்மையான இலேசியை உடையவன் தானே உதிர்ந்த கனிகளைப் பொறுக்கி உண்கிறான்.

இப்படத்தை உறவினர் இல்லத்து ஐந்து வயதுச் சிறுமியிடம் காட்டி, 'இவர்களுள் நல்லவர் யார்?' என வினவினோம். சிறிதும் தயங்காமல் கோடரி ஏந்தியவனைச் சுட்டினாள். உடனிருந்தோர் திகைத்தனர், ஒருவர் திருத்தவும் முற்பட்டார். அவரைக் கையமர்த்திவிட்டு, 'எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் கண்ணு?' என்று கேட்டோம். 'மரம் விழுந்தா எல்லாருக்கும் பழம் கிடைக்கும். கீழே உக்காந்திருக்கிறவர் தான் மட்டும்தானே சாப்பிடுறார்' என்றாள்.

அச்சிறுமி கண்டது கோடரியின் கொடுமையை அன்று, பகிர்ந்துண்ணும் ஈகையை. அவள் உள்ளத்தில் இருந்த இலேசியை வெண்மையே. 'தவறு' என்று நாம் கூறியிருந்தால், அவளது முடிவோடு அவள் கருணையையும் சேர்த்துத் தள்ளியிருப்போம். 'சரி' என்று கூறியிருந்தால் கொலைக்கு உடன்பட்டிருப்போம். இரண்டையும் கூறாது, 'மரத்தில் இன்னும் யாரெல்லாம் இருக்கிறார்கள், பார்' என்றோம். கிளையில் கூடு கண்டாள். கூட்டில் குஞ்சுகளைக் கண்டாள். வெகுநேரம் பேசாதிருந்தாள். பின்னர், 'மரத்தைக் கேட்காம வெட்டக் கூடாது. கீழே விழுந்ததை எல்லாருக்கும் பொறுக்கிக் கொடுக்கலாம்' என்றாள். உதிர்ந்த கனியைத் தான் மட்டும் உண்பவனைப் பழைய படம் காட்டியது. உதிர்ந்ததைப் பொறுக்கிப் பிறர்க்கும் கொடுப்பவன் ஒருவனை அவள் தானே படைத்துவிட்டாள்.

ஓர் ஐயமும் விடையும்

'பயனற்ற பொழுதுபோக்கை விலக்குக என்பதன்றோ அனர்த்ததண்ட விரதம்? விளையாட்டை நீர் எவ்வாறு புகழலாம்?' எனச் சில பெரியோர் வினவக்கூடும். வினா நியாயமானதே. விலக்கப்பெற்றது பயனின்றிப் பிற உயிர்க்கு ஊறு செய்வதும், சூதும் ஆகும். நம் முன்னோர் விளையாட்டையே வெறுத்தாரல்லர். குஜராத், இராஜஸ்தான் பகுதிகளில் வினையின் ஏற்ற இறக்கங்களை ஏணியாலும் பாம்பாலும் காட்டும் ஞான சௌபட் பலகைகளைச் சமணர் ஆக்கினர். எண்பத்து நான்கு கட்டங்கள் கொண்ட பலகைகள் இன்றும் காக்கப்பெறுகின்றன. அறம் உணர்த்தும் ஆட்டம் அறத்திற்குப் புறம்பானதன்று.

எனினும், எந்த விளையாட்டும் போட்டியாகிவிட்டால் பயன் கெடும். முதலில் முடித்தவர்க்குப் பரிசு என்று அறிவித்த மறுகணமே ஈஹை மடிகிறது. குழந்தை ஆராய்வதை விடுத்து விரைகிறது. பக்கத்திலிருப்பவர் தோற்பதை விரும்பக் கற்கிறது. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் வெற்றிக்கும் பொருந்தும். இன்று கைப்பேசித் திரையிலும் இத்தகைய புதிர்கள் கிடைக்கின்றன. அவற்றுள் பல கடிகாரத்தை ஓடவிட்டு மதிப்பெண் ஈட்டச் செய்கின்றன. 'எதைக் கண்டு அவ்வாறு கூறுகிறாய்?' என்று பரிவுடன் கேட்டு, விடை வரும்வரை முகம் பார்த்துக் காத்திருப்பது மனிதரால் ஆவது. அதனை விலைக்கு வாங்க இயலாது.

அன்பர்களே! கோயில் நிர்வாகத்திலும் குடும்பச் சொத்திலும் பெரியோர் எத்துணைப் பூசலிடுகிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். அவற்றுட் பெரும்பாலானவை கெண்டியின் நான்கு புறமும் அமர்ந்தவர்களின் பூசலே. இடம் மாறி அமர நாம் பழகவில்லை. அநேகாந்தத்தைச் சொற்பொழிவில் கேட்டோம்; ஆனால் எதிர்த்தரப்பினரிடம் 'எதைக் கண்டு அவ்வாறு கூறுகிறீர்?' என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் வரவில்லை. நம் பேரக்குழந்தைகளுக்கேனும் அது வாய்க்கட்டும்.

நாள்தோறும் கால்மணி நேரம் போதும். இரவுணவை விலக்கும் நம் இல்லங்களில் அந்தி உணவுக்குப் பின் பொழுது இருக்கிறது. ஒரு தட்டு, சில கூழாங்கற்கள், ஒரு கெண்டி, ஒரு படம் ஆகியன போதும். வினாவைக் கேட்டபின் வாயை மூடிக்கொள்ளும் வலிமை ஒன்றே பெரியோர் கொண்டுவர வேண்டுவது. மௌனத்தைத் துறவியர்க்கு உரியதென ஒதுக்கிவிட்டோம். குழந்தை சிந்திக்கும் சில நொடிகளில் அதை நோற்பது இல்லறத்தார்க்கும் எட்டும் நோன்பாகும்.

வாழ்க அறம்! வளர்க ஜினதருமம்!